எட்டு லாரிப் பனி

பஹ்ரைனில் பனி விழுந்ததே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண்பத்தேழாம் வருடம் பிப்ரவரியில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் விழுந்தது. வானத்திலிருந்து அல்ல, எட்டு லாரிகளின் பின்கதவு வழியாக. விழவைத்தவன் நான்தான், மீரா சாகிப், மீன் துறைமுகத்து ஐஸ் பிளாண்டின் போர்மேன். எங்கள் ஐஸ் முழுவதும் அந்த ஒரே விளையாட்டுக்குப் போய்விட்டதால் அன்றைக்கு மனாமா மார்க்கெட்டில் மீன் நாறிய நாற்றம் கடல் தாண்டி குவைத் வரை போனது. அங்கே அத்தர் வியாபாரம் இரண்டு மடங்கானது என்று கேள்வி.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் கபீலின் இளைய மகன் ஃபவாஸ். கபீல் என்றால் எங்கள் விசாவுக்குப் பொறுப்பானவர். பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்பவர். அவர் தும்மினால் நாங்கள் நாற்பது பேரும் யர்ஹமுகல்லாஹ் சொல்ல வேண்டும், இந்துக்கள் உட்பட. அவர் மகனை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பினார். அவன் போன ஊரில் வருடத்தில் பாதி பனி. ஆகவே அவன் படிக்கவில்லை, சறுக்கினான். பட்டம் இல்லாமல் திரும்பியவன், பட்டத்துக்குப் பதிலாக மூன்று சாமான்களைக் கொண்டுவந்தான்.

ஒன்று, மஞ்சள் வர்ணம் அடித்த நீளப் பலகை. மூக்கு மேலே வளைந்திருக்கும், மூக்கில் ஒரு கயிறு, கையில் பிடித்துக்கொள்ள. இரண்டாவது, சக்கரம் பிடுங்கிய ஸ்கேட் போர்டு. மூன்றாவது, பிரியாணி தேக்சாவின் மூடி மாதிரி ஒரு வட்டத் தகடு. அதில் உட்காரலாம், அல்லது உயிர்மேல் ஆசை இல்லாவிட்டால் நிற்கலாம். மூன்றிலும் காலைக் கட்டிக்கொள்ள ஒரு வாரும் கிடையாது, கொக்கியும் கிடையாது. சும்மா மேலே ஏறி நிற்க வேண்டியது. மிச்சத்தை அல்லா பார்த்துக்கொள்வான்.

ஜனவரியில் ஒருநாள் ஃபவாஸ் அந்த மஞ்சள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிளாண்டுக்குள் வந்தான். ஐஸ் பார்களை மரச்சரிவில் விட்டுக் கீழே லாரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். வேலுச்சாமி வழக்கம்போல ஒரு ஐஸ் பார்மேல் சாக்கை விரித்து, அதன்மேல் நின்றபடியே சரிவில் இறங்கி வந்து லாரிக்குள் குதித்தான். இராமநாதபுரத்துக்காரன், ஏணியில் இறங்குவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவன். ஃபவாஸின் கண் விரிந்தது.

"அச்சா! நீங்களும் நிற்கிறீர்களா?" என்று இந்தியும் அரபியும் கலந்து கத்தினான். "கேளுங்கள் எல்லாரும். அடுத்த மாதம் கடைசியில் நான் சுவிஸ் போகிறேன், மலைக்கு. பலகை தூக்கவும் கூடச் சறுக்கவும் ஒரு ஆள் வேண்டும். அதற்கு முன்னால் புதைய்யாவில் எங்கள் தோட்டத்தில் தல்ஜ் மலை கட்டுவோம். அதன்மேல் விழாமல் நிற்கிறவன் என்னோடு வரலாம். விசா என் வேலை."

தல்ஜ் என்றால் எங்கள் பிழைப்பு, ஐஸ். எல்லாரும் கெக்கெக்கே என்று சிரித்தோம். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டோர் கீப்பர் யோகநாதன். ஐஸ் அறையில் நின்றுகொண்டிருந்தும் அவனுக்கு வேர்த்தது.

யோகநாதன் யாழ்ப்பாணத்துக்காரன். அவனுடைய மனைவியும் மகளும் அப்போது சுவிஸில் இருந்தார்கள். இவன் எண்பத்து மூன்றில் இங்கே வேலைக்கு வந்தான். அந்த வருடமே ஊரில் எல்லாம் தலைகீழாகிப்போக, மனைவி தன் தம்பியோடு எந்தெந்த ஊர் வழியாகவோ சுற்றி சுவிஸ் போய்ச் சேர்ந்து அகதியாகப் பதிந்துகொண்டாள். அவர்கள் பாஷையில் அதற்கு 'அசூல் அடிக்கிறது' என்று பெயர். மகள் நிரோசாவை இவன் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பல் முளைக்கவில்லை. இப்போது நாலு வயது. இவன் பாஸ்போர்ட் கபீலின் பெட்டியில். கையில் வாங்கினாலும் இலங்கைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து எந்த எம்பஸியும் சுவிஸ் விசா குத்தப்போவதில்லை. ஆனால் கபீல் வீட்டுப் பிள்ளையின் வேலைக்காரனாகப் போனால் கேள்வியே கிடையாது. போய் இறங்கி, ரயில் ஏறி, மனைவி இருக்கும் ஊரில் அவனும் அசூல் அடித்துவிடலாம்.

இது பிளாண்டில் எல்லாருக்கும் தெரியும். ஃபவாஸுக்கு மட்டும் தெரியாது.

"நானா," என்று யோகநாதன் அன்று மத்தியானமே என்னிடம் வந்தான். முஸ்லிம் அண்ணன்மாரை இலங்கைக்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பிரீசர் ரூம் சாவியை டியூட்டி முடிஞ்ச பிறகு எனக்குத் தாங்கோ."

"எதுக்கு தம்பி? மீனோட படுக்கவா?"

"பழகத்தான். நான் விழமாட்டன், நானா. பாருங்கோ."

பார்த்தோம். சந்தோஷமாகப் பார்த்தோம். எங்கள் பிரீசர் ரூமில் குழாய்களின்மேல் உறைந்து விழுகிற பூப்பனியைச் சுரண்டி மூலையில் குவிப்போம். அந்தக் குவியலைச் சரிவாக்கி, மீன்பெட்டியின் மூடியை மெழுகு தேய்த்துப் பலகையாக்கி, அதன்மேல் அவன் ஏறினான். ஏறியதுதான் தெரியும். பலகை ஒரு பக்கம், யோகநாதன் ஒரு பக்கம், அவன் மூக்குக்கண்ணாடி மூன்றாவது பக்கம்.

அன்று முதல் எங்களுக்கு வேறு பொழுதுபோக்கே தேவைப்படவில்லை. குதைபியாவில் இந்திப் படம் ஓடிய தியேட்டர் எங்களால் நஷ்டப்பட்டது. டியூட்டி முடிந்ததும் ரூமுக்குப் போகாமல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பிரீசருக்குள் கூட்டமாக நிற்போம். அவன் பலகையில் கால் வைத்த உடனே நான் ஆரம்பிப்பேன்: "விழு தம்பி, விழு!" மற்றவர்கள் தாளம் போடுவார்கள், "விழு, விழு, விழு!" அவன் விழுவான். எழும்புவான். முழங்கையில் தோல் போய் இரத்தம் வரும். வந்த இரத்தம் சொட்டுவதற்குள் உறைந்து மாதுளை முத்து மாதிரி தரையில் உருளும். வேலுச்சாமி அதைப் பொறுக்கி எடுத்துக் காட்டுவான்.

"பாய், இவரு சுவிஸ் போறதுக்குள்ள பாதி ஆளு இங்கனயே உதிர்ந்துருவாரு போல," என்பான்.

"மிச்சப் பாதி போனாலும் காணும்," என்பான் யோகநாதன், பல் கிட்டிக்கொண்டு. "வாயை மூடும், வேலுச்சாமி."

கால் பெருவிரல்கள் இரண்டிலும் நகம் போயிற்று. ஒரு காது கறுத்து, வற்றல் மாதிரி சுருண்டது. முதுகுத் தோல் ஒருநாள் தரையோடு ஒட்டிக்கொண்டதில், அடுத்த வாரம் வரை அந்த இடத்தில் ஒரு மனிதனின் முதுகு தனியாகப் படுத்திருந்தது என்று நான் சொல்வேன். வேலுச்சாமி இதை மறுப்பான், ஆனால் வேலுச்சாமி எதையும் ரசிக்கத் தெரியாதவன்.

வேடிக்கை என்னவென்றால் அவன் கற்றுக்கொண்டுவிட்டான். கட்டு இல்லாத பலகையில் நிற்பதற்குப் பலகையை மிதித்து அமுக்கக் கூடாதாம். முழங்காலை மடக்கி, அது போகிற போக்குக்கு இடுப்பை விட்டுக்கொடுக்க வேண்டுமாம். எங்களுக்கு விளக்கினான். நாங்கள் கேட்கவில்லை. விழாதவனைப் பார்க்க யார் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வருவார்கள்? பிப்ரவரி பிறந்தபோது நாங்கள் என்ன கூச்சல் போட்டாலும் அவன் நின்றான். "விழு, விழு" என்று கத்தினால் முன்பெல்லாம் ஆடிப்போவான். இப்போது அந்தச் சத்தம் கேட்டாலே உடம்பை இன்னும் இறுக்கிக்கொண்டான். தியேட்டருக்குக் கூட்டம் திரும்பியது.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. புதைய்யாவில் கபீலின் ஈச்சந்தோட்டத்தில் புல்டோசர் வைத்து மணலில் மூன்று மாடி உயரத்துக்கு மேடு கட்டியிருந்தார்கள். சரி, இரண்டு மாடி. அதன்மேல் தார்ப்பாய் விரித்து, விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்த கையோடு கிரஷரில் நொறுக்கிய ஐஸை லாரி லாரியாகக் கொட்டினோம். மண்வெட்டியால் தட்டிச் சரிசெய்தோம். தோட்டத்துக் கழுதை ஒன்று வந்து நக்கிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக யோசிக்க ஆரம்பித்தது.

இங்கேதான் எங்கள் தொழில் புத்தியைக் காட்டினோம். சவுதியில் தம்மாமுக்குப் போகிற மீன்பெட்டிக்கு நாங்கள் எப்படி ஐஸ் போடுவோம்? ஒரு அடுக்கு ஐஸ், ஒரு கை உப்பு. உப்புப் பட்ட ஐஸுக்குக் குளிர்ச்சி கூடும், மீன் கல் மாதிரி போய்ச் சேரும். இருபது வருடத்துப் பழக்கம். கை தானாகச் செய்யும். அந்த மேட்டையும் ஒரு பெரிய மீன்பெட்டி என்றுதான் எங்கள் கை நினைத்தது. வெயில் ஏறினால் கரைந்துவிடுமே என்று பிளாண்டில் இருந்த உப்பு மூட்டை அத்தனையையும் அடுக்கடுக்காகத் தூவினோம். குளிர்ச்சி கூடியது, பொய் சொல்லவில்லை. ஆனால் மீன் பெட்டிக்குள் சறுக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஃபவாஸ் போக வேண்டியிருந்தது. மேட்டின் மேல்பாதி உப்பில் இளகி, நடுவயிற்றில் ஒரு இடத்தில் கூழாகத் தேங்கியது. மேலே பார்த்தால் வெள்ளை வெளேர் என்று அழகாக இருந்தது. உள்ளே நோன்புக் கஞ்சி.

விருந்தாளிகள் வந்து கம்பளத்தில் உட்கார்ந்தார்கள். கபீல், அவர் அண்ணன் தம்பிகள், ஃபவாஸின் கூட்டாளிகள், அரைக் கிராமம். தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் கேம்ப் சமையல்காரன் பொன்னுச்சாமி ஆட்டுக்கறிச் சோற்றுக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தான். பொன்னுச்சாமி இலங்கை மலைநாட்டுக்காரன், அட்டன் பக்கம். அவன் உட்கார்ந்தால் எழும்புவதற்கு இரண்டு பேர் வேண்டும். அவன் எடையை நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் எங்கள் உப்புநீர்த் தொட்டியின் எடை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

முதலில் ஃபவாஸே ஏறினான். சிவப்பு ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி, கையில் மஞ்சள் பலகையின் கயிறு. "யா ஷபாப்!" என்று கூவிப் பலகையைச் சரிவில் விட்டான். நன்றாகத்தான் வந்தான். பாதி மேடு வரை ராஜா மாதிரி வந்தான். கஞ்சி தேங்கிய இடத்தில் பலகை நின்றது. ஃபவாஸ் நிற்கவில்லை. காலைக் கட்ட வார் இல்லாத சாமான் அல்லவா, பலகைக்கும் அவனுக்கும் அந்த இடத்தில் உறவு முடிந்தது. அவன் மட்டும் தனியாகப் பறந்து, முகம் குப்புற விழுந்து, ஐஸை உழுதுகொண்டே தன் வாப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றான். வாய் நிறைய உப்பு. கண்ணில் உப்பு. எரிச்சலில் அழுதான்.

கபீல் சிரித்தார். சித்தப்பாக்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர் சிரித்துச் சிரித்து இருமி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. நாங்கள் தோளில் கிடந்த துண்டை வாயில் திணித்துக்கொண்டோம். சத்தம் வெளியே போனால் பாஸ்போர்ட்டில் எக்ஸிட் விழும், ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஃபவாஸ் எழும்பினான். முகத்தைத் துடைத்தான். பிறகு எங்களைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை, ரொம்ப அழகான பார்வை.

"யல்லா," என்றான். "இப்போது நீங்கள். ஒவ்வொருத்தனாக. ஜல்தி!"

வேலுச்சாமியைச் சக்கரம் பிடுங்கிய போர்டில் ஏற்றினார்கள். ஐஸ் பாரில் ராஜநடை போட்டவன்தான். சாக்கு இருந்தால் கால் பிடிக்கும், இதில் என்ன பிடிக்கும்? கஞ்சிக்கு வந்தான், போர்டு நின்றது, இவன் தாடையால் இறங்கினான். முன்பல் ஒன்று தெறித்து ஒரு விருந்தாளியின் காவாக் காப்பிக் கோப்பைக்குள் விழுந்தது. அவர் அதைப் பேரீச்சங்கொட்டை என்று நினைத்து எடுத்துக் கீழே வைத்தார். கூட்டம் ஹோவென்று சிரித்தது. ஃபவாஸின் முகத்தில் பாதி நோவு குறைந்தது. அடுத்தவனைத் தள்ளினான். அடுத்தவன் விழுந்தான். இன்னொருவன் விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் போனான். ஒவ்வொருவன் விழும்போதும் ஃபவாஸின் நிறம் திரும்பிக்கொண்டே வந்தது. அவன் விழுந்ததை எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டே வந்தார்கள்.

"அந்தத் தடியன்! அந்தத் தடியனைக் கூப்பிடு!" என்று ஒரு சித்தப்பா அடுப்புப் பக்கம் கை காட்டினார்.

"ஐயோ நானா, நான் என்னாத்துக்கு? கறி அடி புடிச்சிரும்!" என்று பொன்னுச்சாமி என்னைப் பார்த்துக் கும்பிட்டான். "எனக்குச் சுவிசும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"ஏறு பொன்னுச்சாமி. மூடிதானே, உனக்குப் பழக்கம்," என்றேன்.

நாலு பேர் சேர்ந்து மேலே தள்ளி, வட்டத் தகட்டில் கையில் கரண்டியோடு அவனை உட்காரவைத்தார்கள். தகடு சுற்ற ஆரம்பித்தது. சுற்றியபடியே வந்தது. ஒரு சுற்றில் பொன்னுச்சாமியின் முகம், மறு சுற்றில் முதுகு, முகம், முதுகு, "முருகா" ஒரு தடவை, "அம்மே" ஒரு தடவை. கஞ்சியில் தகடு புதைந்தது. அவன் எழும்பினான், ஆகாயத்தில். அந்தக் கனத்துக்கு ஆகாயத்தில் என்ன வேலை? ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, உட்கார்ந்த நிலையிலேயே இறங்கினான். அந்த அதிர்ச்சியில் சவுதிக்குப் போக அப்போதுதான் திறந்திருந்த கடல்பாலத்தில் கார்கள் ஒரு முழம் துள்ளியதாக ஒரு டாக்சிக்காரன் பின்னால் சொன்னான். வால் எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. கரண்டி மட்டும் கையை விடவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்து, அத்தனை கூட்டத்துக்கும் மரியாதையாகக் கரண்டியைத் தூக்கி ஒரு சலாம் வைத்தான்.

கம்பளத்தில் உருண்டார்கள். கபீலின் தலைத்துணிமேல் இருந்த இகால் வளையம் கழன்று உருண்டு ஓடியது. ஃபவாஸ் சிரித்த சிரிப்பில் அவன் கண்ணிலிருந்த உப்பெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது.

அப்போதுதான் யோகநாதன் மஞ்சள் பலகையை எடுத்தான்.

மேலே ஏறி நிற்கிறான். கறுத்த காது, நகம் இல்லாத கால், மூக்குக்கண்ணாடிக்கு ரப்பர் கயிறு. எனக்குத் திடீரென்று உறைத்தது. இருபது வருடம் கபீல்மாரைப் பார்த்தவன் நான். கபீல் வீட்டுப் பிள்ளை குப்புற விழுந்த இடத்தில் ஸ்டோர் கீப்பர் நின்று காட்டலாமா? அவன் விழ வேண்டும். விழுந்து, உருண்டு, நாக்கைத் தள்ளிக் காட்டினால்தான் சுவிஸ். இது அந்தப் படித்த மடையனுக்கு விளங்கவில்லை. நின்றால் போதும் என்று ஃபவாஸ் சொன்ன வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். அந்த வார்த்தை ஃபவாஸ் உப்புத் தின்ற நிமிஷமே செத்துப்போயிற்று.

"விழு!" என்று கத்தினேன். "விழு தம்பி! அல்லாவுக்காக விழு!"

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஒரு மாதமாகக் கேட்ட கூச்சல் அல்லவா. உடம்பை இறுக்கினான். முழங்காலை மடக்கினான். விட்டான்.

வேலுச்சாமிக்கும் விளங்கிவிட்டது. உடைந்த வாயோடு அவனும், "விழுங்க, விழுங்க!" என்றான். நாங்கள் எவ்வளவு கத்தினோமோ அவ்வளவு அழகாக அவன் வந்தான். கஞ்சி தேங்கிய இடத்தில் பலகை திணறியது; இவன் இடுப்பைத் தளர்த்தி, கயிற்றை லேசாக மேலே இழுத்து, பலகையின் மூக்கைத் தூக்கி, கடல் அலையைத் தாண்டுகிற மாதிரி தாண்டினான். ஒரு சொட்டு உப்புநீர் அவன்மேல் தெறிக்கவில்லை. கீழே வந்து, ஃபவாஸின் பூட்ஸுக்கு ஒரு சாண் முன்னால் நின்றான். நின்றே விட்டான்.

கழுதை எங்கேயோ மென்றுகொண்டிருந்தது. கிழவர் கொட்டாவி விட்டார். கபீல் இகாலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நான் விழயில்லை, சார்," என்றான் யோகநாதன். மூச்சு வாங்கியது. "நீங்கள் சொன்ன மாதிரி. நிண்டிட்டன்."

ஃபவாஸ் அவனை மேலும் கீழும் பார்த்தான். "மாஷா அல்லா," என்றான், காய்ந்த குரலில். பிறகு திரும்பினான். "சுவிஸுக்கு அந்தத் தடியன் வரட்டும். கலாஸ், முடிந்தது. பசிக்கிறது."

"சார்... சொன்னீங்களே..."

"நீ நன்றாக நிற்கிறாய். நிற்கிறவன் எனக்கு எதற்கு? அங்கே மலை முழுக்க நிற்கிறவர்கள்தான்."

கூட்டம் எழும்ப ஆரம்பித்தது. யோகநாதன் ஒரு நொடி நின்றான். பிறகு பலகையை வாரி எடுத்துக்கொண்டு மேட்டில் ஓடினான்.

"சார்! நான் விழுவன் சார்! பாருங்கோ சார், எனக்கு விழவும் தெரியும்!"

விட்டான். நடுவில் வந்து, கையை விரித்து, "ஐயோ" என்று கூவி விழுந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. விழுகிறவன் விழும் முன்னால் இடம் பார்த்து விழுந்தால் யாருக்குச் சிரிப்பு வரும்? ஒரு மாதம் நிற்கப் பழகின உடம்பு, விழும்போதும் தன்னைத் தானே பத்திரமாகப் பிடித்துக்கொண்டது. மறுபடி ஓடினான். தகட்டை எடுத்தான், பொன்னுச்சாமி மாதிரியே "முருகா" என்றான். வேட்டி கட்டிய குரங்கு நாடகம் போட்ட மாதிரி இருந்தது. ஃபவாஸின் கூட்டாளி ஒருவன், "இது மாஃபி, நன்றாக இல்லை," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். சோற்றுத் தாம்பாளம் வந்துவிட்டது. ஆட்டுத்தலை நடுவில். எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"விழுறன் சார்! இந்தா பாருங்கோ!"

வெயில் ஏறி, தார்ப்பாய் ஆங்காங்கே தெரிய ஆரம்பித்தது. அவன் ஏறுவதும் விழுவதுமாக இருந்தான். கடைசித் தடவை கால் மடங்கி, அவன் நினைக்காத இடத்தில், நினைக்காத நேரத்தில், பலகையும் அவனும் சேர்ந்து சுருண்டு, மணிக்கட்டு பின்பக்கமாக மடிந்து, கண்ணாடி இரண்டாகி, தலைகீழாக ஈச்சமரத்தில் போய் மோதி நின்றான். உண்மையாகச் சொல்கிறேன், அப்படி ஒரு விழுகையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பொன்னுச்சாமியுடையது அதற்குக் கால்தூசி. கபீல் பார்த்திருந்தால் அவனுக்கு மலையையே வாங்கிக் கொடுத்திருப்பார். பார்த்தது நானும் வேலுச்சாமியும்தான். நாங்கள் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். என்ன செய்ய, அவ்வளவு நன்றாக இருந்தது.

"பாத்தவையே?" என்று கேட்டான், வாயில் மணலோடு. "நானா, அவை பாத்தவையே?"

"இல்ல தம்பி. சோறு தின்றாங்க."

பொன்னுச்சாமி போனான். போகமாட்டேன் என்று அழுதான். "அவரக் கூட்டிட்டுப் போங்க தொர, அவரு பொண்டாட்டி புள்ளைங்க..." என்று ஃபவாஸிடம் வாய் தவறிச் சொல்லவந்தபோது நாங்கள்தான் அவன் வாயைப் பொத்தினோம். அது தெரிந்தால் யோகநாதனுக்கு நேரே எக்ஸிட்தான். ஏர்போர்ட்டில் பொன்னுச்சாமி உட்கார முடியாமல் நின்றுகொண்டிருந்தான். யோகநாதன் கட்டுப்போட்ட கையோடு வந்து ஒரு பார்சலைக் கொடுத்தான். மிளகாய்த்தூள், மனைவிக்கு ஒரு சேலை, நிரோசாவுக்கு ரோஸ் நிறத்தில் ஒரு சட்டை. நாலு வயதுக்கு எவ்வளவு உயரம் இருக்கும் என்று தெரியாமல் குதைபியாக் கடையில் மூன்று அளவில் எடுத்திருந்தான்.

மார்ச் நடுவில் பொன்னுச்சாமி திரும்பி வந்துவிட்டான். கன்னம் இரண்டும் சிவந்து, பத்துக் கிலோ கூடியிருந்தான். கேம்பில் எல்லாரும் சூழ்ந்துகொண்டோம். தினமும் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு விழுகை, விருந்தாளிகள் வந்தால் இரண்டு என்று சொன்னான்.

"அங்கயே நிண்டிருக்கலாமே, மடையா!" என்றான் யோகநாதன். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். "ஒரு பொலிஸ் ஸ்டேசனுக்குப் போய்க் கையைத் தூக்கியிருந்தாக் காணுமே!"

"எனக்கு என்னாத்துக்குங்க? சரியான குளுரு. சோத்துல உப்பே இல்ல."

"பார்சலைக் குடுத்தனியோ?"

"குடுத்தேங்க. ஞாயித்துக்கெழம லீவு தந்தாங்க, டிரைவரே கூட்டிட்டுப் போனாரு. ஒங்க ஊட்டுக்காரம்மா நல்லாருக்காங்க."

"பிள்ளை? பிள்ளையைக் கண்டனியோ?"

பொன்னுச்சாமி கரண்டியைக் கையில் உருட்டினான். "கண்டேங்க. கதவத் தொறந்ததே அதுதான். அவங்க உள்ள தேத்தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாங்க. நான் சட்டைய வச்சுக்கிட்டு நிக்கிறேன். அண்ணாந்து பாத்திச்சு. 'நீங்களா அப்பா'ன்னு கேட்டிச்சு."

எங்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். யோகநாதன் சிரிக்கவில்லை.

"நீ என்ன சொன்னனீ?"

"நான் என்னாத்தச் சொல்றது? புள்ள கைய நீட்டிக்கிட்டு நிக்குது. ஆமான்னுட்டேங்க."

இப்போது எல்லாரும் சிரித்தோம். வேலுச்சாமி பல் இல்லாத இடத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தான். "சுவிஸ்ல புது அப்பாய்யா! எம்மாம் பெரிய அப்பா!"

யோகநாதன் கொஞ்ச நேரம் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தான். கோணலாகக் கூடிய எலும்பு.

"சிரிச்சவளோ?"

"மொதல்ல சிரிக்கல. மொறச்சுக்கிட்டே இருந்திச்சு. அப்புறமா வாசல்ல பனி கெடந்திச்சா, அதுல ஒருக்கா வுழுந்து காட்டினேன். அம்மாடி, என்னா சிரிப்புங்கிறீங்க! 'இன்னொருக்கா அப்பா, இன்னொருக்கா'ன்னு கையத் தட்டி..."

"எப்பிடி விழுந்தனீ?"

"என்னாங்க?"

"அவளுக்கு எப்பிடி விழுந்து காட்டினனீ? காட்டு."

"இங்கயா? இது சிமெண்டுத் தரைங்களே. எனக்கு வாலெலும்பு இன்னும்..."

"காட்டு."

பொன்னுச்சாமி எங்களைப் பார்த்தான். நல்ல மனுஷன். கைகளை விரித்து, ஒரு காலைத் தூக்கி, "முருகா" என்று சொல்லி, அத்தனை கனத்தோடும் சிமெண்டில் உட்கார்ந்தான். அறை குலுங்கியது. கூஜா உருண்டது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நிறுத்தினோம். முகம் வெளுத்திருந்தாலும் அவனும் சிரிக்கப் பார்த்தான்.

யோகநாதன் கட்டிலில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். கண்ணை எடுக்கவில்லை.

"இன்னொருக்கா," என்றான்.